பேரேட்டைப் படிக்கும் பொறி: கட்டத்தொடர்ப் பதிவுகளும் செயற்கை நுண்ணறிவும்

ஓர் அலுவலகத்தில் பேரேடு இருப்பது ஒன்று. அதனைப் புரட்டி, வேண்டிய பக்கத்தை எடுத்து, அதிலுள்ளதைப் பிழையின்றிச் சொல்லவல்ல எழுத்தர் இருப்பது வேறொன்று. பேரேடு எவ்வளவு செம்மையாக எழுதப்பட்டிருந்தபோதிலும், படித்துச் சொல்பவர் தவறினால் கேட்டவருக்குக் கிடைப்பது தவறான விடையே. இவ்வுண்மையைக் கிராம அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பணிபுரிவோர் நெடுங்காலமாக அறிவர். கணிப்பொறி வலையமைப்புகளில் எழுதப்படும் புதுவகைப் பேரேடுகளுக்கும், அவற்றைப் படித்துச் சொல்லுமாறு இப்பொழுது அமர்த்தப்பட்டுவரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளுக்கும் இது அப்படியே பொருந்தும்.

கள அலுவலர்களும் ஆசிரியர்களும் இவ்விஷயத்தை அறிந்திருத்தல் அவசியம். ஒரு மாணவனின் சான்றிதழ் மெய்யானதா, ஒரு தொகை உரியவரைச் சென்றடைந்ததா என்னும் கேள்விகளுக்குப் பொறி விடை கூறலாம். ஆயினும் அவ்விடையை நம்பிக் கையொப்பமிடுபவர் அலுவலரே. ஆகவே விடை எவ்வழியாக வருகிறது, எவ்விடத்தில் பிழை புகக்கூடும் என்பவற்றை இக்கட்டுரையில் ஒழுங்காக நோக்குவோம்.

கட்டத்தொடர் என்பது யாது?

பிளாக்செயின் என்று வழங்கும் கட்டத்தொடர், பல கணிப்பொறிகளில் ஒரே சமயத்தில் படியெடுத்து வைக்கப்படும் ஒரு பேரேடு. இதன் பக்கங்களைக் கட்டங்கள் என்கிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் சில நடவடிக்கைகள் பதியப்படுகின்றன. அவற்றுடன் முந்திய கட்டத்தின் சுருக்கக்குறியும் எழுதப்படுகிறது.

சுருக்கக்குறி என்பது, ஒரு பதிவு முழுவதையும் குறித்ததொரு கணித முறைக்கு உட்படுத்திப் பெறும், மாறாத நீளமுள்ள எண்ணாகும். பிட்காயின் தொடரில் கையாளப்படும் எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் இக்குறி 256 இரும இலக்கங்களைக் கொண்டது. மூலப்பதிவில் ஓர் எழுத்து மாறினாலும் குறி முற்றிலும் வேறாகிவிடும். எனவே பழைய கட்டம் ஒன்றைத் திருத்த விரும்புபவர், அதற்குப் பின்னுள்ள கட்டங்கள் அனைத்தையும் திருத்தி எழுத வேண்டும். அத்திருத்தத்தை மற்றக் கணிப்பொறிகள் ஏற்கும்படியும் செய்ய வேண்டும். நிலைபெற்ற பெருந்தொடர்களில் இது நடைமுறையில் இயலாத காரியம் எனலாம்.

இம்முறையை விளக்கும் கட்டுரை சதோஷி நகமோட்டோ என்னும் பெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியாயிற்று. பிட்காயின் தொடரின் முதற்கட்டம் 2009 ஜனவரி 3 என்னும் தேதியைத் தாங்கியுள்ளது. அத்தொடரில் சராசரியாக 10 நிமிடங்களுக்கு ஒரு கட்டம் சேர்கிறது. 2015 ஜூலை 30 அன்று தொடங்கிய எதீரியம் என்னும் தொடரில் இந்நாளில் கட்டங்களுக்கிடையே உள்ள இடைவெளி 12 வினாடி. நாணயப் பரிமாற்றத்தோடு, குறித்த நிபந்தனைகளின்படி இயங்கும் ஒப்பந்த நிரல்களையும் எதீரியத்தில் பதிந்து வைக்கலாம்.

திறந்திருந்தும் படித்தற்கு அரிய ஏடு

மேற்கூறிய இரண்டும் பொதுத்தொடர்கள். அவற்றை எவரும் படிக்கலாம், அனுமதிச்சீட்டு வேண்டுவதில்லை. அவ்வாறாயின் படிப்பதில் என்ன இடர்ப்பாடு என்று வாசகர் கேட்கக்கூடும்.

பள்ளி நூலகத்தை எடுத்துக்கொள்வோம். நூல்கள் வாங்கப்பட்ட வரிசையில் எழுதப்படும் பதிவேடு ஒன்று அங்கு இருக்கும். ஒரு நூல் எப்பொழுது வந்தது என்பதை அதில் காணலாம். ஆனால், தாவரவியலில் எத்தனை நூல்கள் உள்ளன என்பதை அறிய வேண்டுமானால் முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம் வரையில் புரட்ட வேண்டும். இதற்காகவே பொருள்வாரி அட்டவணை தனியாகத் தயாரிக்கப்படுகிறது. கட்டத்தொடர் முதல்வகைப் பதிவேட்டைப் போன்றது; காலவரிசையில் மட்டுமே எழுதப்பட்டது. ஒரு முகவரியின் இன்றைய இருப்பை அத்தொடரின் கணிப்பொறி ஒன்றிடம் நேரே கேட்டுப் பெறலாம். ஆனால் அம்முகவரிக்குச் சென்ற ஆண்டில் எவ்வெவரிடமிருந்து தொகை வந்தது என்னும் கேள்விக்கு எளிதில் விடை கிடைக்காது.

ஆகவே தொடரைப் படித்து அட்டவணைப்படுத்தி வைக்கும் சேவைகள் தோன்றின. எதீரியத்தின் கட்டங்களையும் நடவடிக்கைகளையும் இணையப் பக்கத்தில் காட்டும் ஈதர்ஸ்கேன், அதே பணியைத் திறந்த மூலநிரலால் செய்யும் பிளாக்ஸ்கவுட், ஒப்பந்த நிரல்களின் நிகழ்ச்சிகளைத் தொகுத்து வினவ இடமளிக்கும் தி கிராஃப், எஸ்.க்யூ.எல். என்னும் வினவு மொழியில் கேள்வி கேட்க வசதியளிக்கும் டியூன் ஆகியவை இவ்வகையின. 2018-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனமும் பிட்காயின், எதீரியம் ஆகிய தொடர்களின் விவரங்களைத் தன் பிக்குவெரி தரவுக் களஞ்சியத்தில் பொதுமக்கள் வினவுமாறு வைத்தது. இவற்றையெல்லாம் வினவு கருவிகள் என்று பொதுப்பெயரால் குறிப்போம். இக்கருவிகளைக் கையாள வினவு மொழியோ, தொடரின் அமைப்போ தெரிந்திருக்க வேண்டும். இவ்விடத்திலேதான் செயற்கை நுண்ணறிவின் உதவி நாடப்படுகிறது.

உதவிப்பொறியின் இயல்பு

மனிதர் பேசும் மொழியில் கேட்ட கேள்விக்கு அம்மொழியிலேயே விடை தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சுருக்கம் கருதி உதவிப்பொறி என்போம். இதன் உள்ளே இருப்பது பெருமொழி மாதிரி எனப்படும் கணித அமைப்பு. எண்ணற்ற நூல்களையும் இணையப் பக்கங்களையும் கொண்டு பயிற்றப்பட்ட இவ்வமைப்பு, ஒரு சொற்றொடருக்குப் பின் வரத்தக்க சொல் யாது என்பதைக் கணித்துக் கணித்து விடையை உருவாக்குகிறது.

இவ்வியல்பிலிருந்து இரண்டு குறைகள் தோன்றுகின்றன. முதலாவது, பயிற்சி ஒரு குறித்த நாளோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் நடந்தவற்றைப் பொறி தானாக அறியாது. எதீரியத்தில் ஒரு நாளில் 7,200 கட்ட இடங்கள் உண்டு என்பதை நினைக்கும்போது இக்குறையின் அளவு விளங்கும். இரண்டாவது, விடை தெரியாதபோதும் விடைபோல் தோன்றும் சொற்களைப் பொறியால் அமைத்துவிட முடியும். ஒரு முகவரியின் இருப்பைக் கருவி ஏதுமில்லாத பொறியிடம் கேட்டால், சில சமயம் தெரியாது என்று கூறும். சில சமயம் நம்பத்தக்கதோர் எண்ணைக் கூறும். அவ்வெண் எந்தப் பேரேட்டிலும் இராது.

இணைக்கும் முறை

இக்குறைகளைப் போக்க, பொறிக்குக் கருவிகள் அளிக்கப்படுகின்றன. தொடக்கத்தில் ஒவ்வோர் உதவிப்பொறியையும் ஒவ்வொரு கருவியோடும் தனித்தனியே இணைக்க வேண்டியிருந்தது. 5 உதவிப்பொறிகளும் 8 கருவிகளும் இருப்பின் 40 இணைப்புகள் எழுத வேண்டும். அனைவரும் ஒரே விதிமுறையைப் பின்பற்றினால், ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை எழுதிய 13 இணைப்புகளே போதும்.

அத்தகைய பொது விதிமுறையாக மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்பதை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பர் 25 அன்று வெளியிட்டது. இது எவரும் பயன்படுத்தத்தக்க திறந்த விதிமுறை. 2025-ஆம் ஆண்டில் ஓப்பன்ஏஐ முதலிய பிற நிறுவனங்களும் இதனை ஏற்றன. கட்டத்தொடர் வினவு கருவிகளை நடத்துவோரும் இவ்விதிமுறைப்படி இணைப்புகளை அமைக்கலாயினர். பிளாக்ஸ்கவுட் அவ்வாறு செய்தவற்றுள் ஒன்று.

வேலை நடைபெறும் வரிசை பின்வருமாறு:

1. கருவியை நடத்தும் சேவகக் கணிப்பொறி, தன்னிடமுள்ள கருவிகளின் பெயரையும், ஒவ்வொன்றும் செய்யும் பணியையும், அதற்கு வேண்டிய விவரங்களையும் ஒரு பட்டியலாக அளிக்கிறது.

2. பயனாளரின் கேள்வியும் இப்பட்டியலும் சேர்ந்து மொழி மாதிரியிடம் செல்கின்றன.

3. மாதிரி பொருத்தமான கருவியைத் தேர்ந்து, "இக்கருவியை இவ்விவரங்களோடு இயக்குக" என்று ஒரு விண்ணப்பம் எழுதுகிறது. மாதிரி தானே எதையும் இயக்குவதில்லை.

4. இடையிலுள்ள நிரல் அவ்விண்ணப்பத்தைக் கருவிக்கு அனுப்பி, பேரேட்டில் உள்ள விடையைப் பெற்று வருகிறது. இவ்விடத்தில் பயனாளரின் சம்மதத்தைக் கேட்கும் ஏற்பாடும் செய்யலாம்.

5. வந்த விடையை மாதிரி படித்து, பயனாளருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்கிறது.

இவ்வைந்து படிகளுள் நான்காவது படியில் மட்டுமே பேரேடு பேசுகிறது. மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் பேசுவது மாதிரி. பிழைகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டு படிகளிலேயே புகுகின்றன என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

எதீரியம் தொடரில் ஒரு முகவரியின் ஈதர் இருப்பைக் கேட்கிறோம் என்று கொள்வோம். தொடரின் கணிப்பொறி தரும் விடை பதின்ம எண்ணாக வராது. பதினாறை அடியாகக் கொண்ட எண்ணாக வரும். அம்முறையில் 100 என்று எழுதப்பட்டது நம் வழக்கில் 256 ஆகும். மேலும் விடையின் அலகு ஈதர் அன்று. வெய் என்னும் மிகச் சிறிய அலகு. ஒரு ஈதர் என்பது 1-க்குப் பின் 18 சுழிகள் இட்ட அளவு வெய்களைக் கொண்டது. அடியை மாற்றி, பின்னர் அலகையும் மாற்றினாலன்றிச் சரியான விடை கிடையாது.

எதீரியத்தில் வழங்கும் பிற நாணயக் குறிகளுக்கு இவ்வளவு வேறுபடும். டாலர் மதிப்போடு இணைக்கப்பட்ட யு.எஸ்.டி.சி. என்னும் குறிக்கு 18 இடங்கள் இல்லை. 6 தசம இடங்களே உண்டு. பேரேட்டில் 2500000 என்றிருந்தால் அது 2.5 யு.எஸ்.டி.சி. ஆகும். பொறி இதனை 18 இடங்கள் என்று கருதிவிட்டால் 0.0000000000025 என்று விடை கூறி, அக்கணக்கில் ஒன்றுமில்லை என்று முடிவுரையும் எழுதிவிடும். இதற்கு நேர்மாறாக, 1 ஈதரை 6 இடங்களால் வகுத்தால் இலட்சம் கோடி ஈதர் என்று வரும். உலகில் உள்ள ஈதர் அனைத்தும் சேர்ந்தே ஏறத்தாழ 12 கோடிதான். விடையின் அளவு பொருத்தமானதா என்று பார்க்குமாறு நாம் மாணவர்களுக்குக் கணக்கு வகுப்பில் கற்பிக்கும் பழக்கம் இங்கும் காவலாக நிற்கிறது.

கவனத்திற்குரிய பிற இடங்கள்

ஒரே முகவரி பல தொடர்களில் இருக்கக்கூடும். எதீரியத்தின் விதிகளைப் பின்பற்றும் வேறு தொடர்களிலும் அதே முகவரி செல்லும். எந்தத் தொடரில் பார்த்தது என்பதைப் பொறி கூறாவிடின் அதன் விடை முழுமையற்றது.

தோல்வியுற்ற நடவடிக்கையும் எதீரியம் பேரேட்டில் பதியப்படும். பதிவு இருக்கிறது என்பதனாலேயே தொகை சென்றுவிட்டது என்று கொள்ளலாகாது. பதிவில் உள்ள நிலைக்குறி 1 என்றிருப்பின் வெற்றி, 0 என்றிருப்பின் தோல்வி.

மிக அண்மையில் சேர்ந்த கட்டம் இன்னும் உறுதிப்படாததாக இருக்கலாம். எதீரியத்தில் ஒரு கட்டம் இறுதிநிலை அடைய சாதாரணமாக ஏறத்தாழ 13 நிமிடங்கள் ஆகும். அதற்குள் பெற்ற விடையைத் தற்காலிகமானதாகவே கொள்ளல் நன்று.

சில கருவிகள் நீண்ட பட்டியலை ஒரே தடவையில் தருவதில்லை. முதற்பகுதியை மட்டும் அனுப்பி, மீதிக்குத் திரும்பக் கேட்குமாறு செய்கின்றன. பொறி முதற்பகுதியோடு நின்று அதனைக் கூட்டிவிட்டால் மொத்தம் குறைந்துவிடும்.

இனி, எளிதில் கண்ணிற்படாத ஓர் அபாயத்தையும் கூற வேண்டும். கட்டத்தொடரில் எண்களோடு சொற்களையும் எழுதலாம். பிட்காயினின் முதற்கட்டத்திலேயே லண்டன் நகரத்து டைம்ஸ் நாளிதழின் அன்றைய தலைப்பு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. இவ்வசதியைத் தீயோரும் பயன்படுத்தலாம். நாணயக்குறியின் பெயராகவோ குறிப்புரையாகவோ, உதவிப்பொறிக்கு இடும் கட்டளை போன்ற வாசகத்தை எழுதி வைத்தால், அதனைப் படிக்கும் பொறி, படித்த செய்திக்கும் பயனாளர் இட்ட கட்டளைக்கும் வேறுபாடு காணாமல் மயங்கக்கூடும். பதிவேட்டின் ஓரத்தில் எவரோ எழுதிய வாசகத்தை மேலதிகாரியின் உத்தரவு என்று எழுத்தர் எடுத்துக்கொள்வதை இது ஒக்கும். இக்குறை முற்றிலும் தீர்க்கப்பட்டதாகக் கூற இயலாது.

படித்தல் வேறு, எழுதுதல் வேறு

மேற்சொன்ன மயக்கத்தினால் விளையும் கேடு, பொறியிடம் நாம் ஒப்படைத்த அதிகாரத்தின் அளவைப் பொறுத்தது. படிக்கும் கருவிகளை மட்டும் பெற்ற பொறி மயங்கினால் தவறான விடை வரும். அதனைச் சரிபார்த்துத் திருத்தலாம். தொகையை அனுப்பும் கருவியும் அதனிடம் இருந்தால் பணமே சென்றுவிடும். கட்டத்தொடரில் உறுதிப்பட்ட பரிமாற்றத்தைத் திரும்பப் பெறும் வழி பேரேட்டில் இல்லை.

ஒரு முகவரியிலிருந்து தொகையை அனுப்பும் உரிமை அதற்குரிய மறைக்குறியை வைத்திருப்பவருக்கே உண்டு. இருப்பையோ பழைய நடவடிக்கைகளையோ படிப்பதற்கு மறைக்குறி தேவையே இல்லை. ஆகவே எந்தப் பொறியாவது, எந்தச் சேவையாவது, விவரம் பார்ப்பதற்கு மறைக்குறியையோ அதனை மீட்கும் சொற்களையோ கேட்குமாயின், அதனை மோசடி என்றே கருதி விலக வேண்டும். கிராமங்களில் இவ்விஷயம் பற்றி எவரேனும் கேட்டால், கள அலுவலர் தயக்கமின்றிக் கூறத்தக்க அறிவுரை இது.

நம் நாட்டின் நிலை

நம் நாட்டில் தேசியக் கட்டத்தொடர்ச் சட்டகம் 2024 செப்டம்பர் 4 அன்று மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தினால் தொடங்கிவைக்கப்பட்டது. இதன் ஓர் அங்கமான விஷ்வஸ்யா என்னும் தொழில்நுட்ப அமைப்பு புவனேசுவரம், புனே, ஐதராபாத் ஆகிய நகரங்களிலுள்ள தேசியத் தகவலியல் மையத்தின் தரவு மையங்களில் வைக்கப்பட்டுள்ளது. இது அனுமதி பெற்றோர் மட்டுமே பங்கேற்கும் தொடர். இதற்கு முன்னர், 2022-ஆம் ஆண்டில், மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தைச் சேர்ந்த ஏட்டாபள்ளியில் சாதிச் சான்றிதழ்களைச் சரிபார்க்கப் பாலிகன் என்னும் பொதுத்தொடர் பயன்படுத்தப்பட்டது.

சான்றிதழ்களைச் சரிபார்க்கும் முறையை ஆசிரியர்கள் நன்கு அறிதல் வேண்டும். இத்தகைய முறைகளில் பொதுவாகச் சான்றிதழின் சுருக்கக்குறியே தொடரில் பதியப்படுகிறது. மாணவன் கொண்டுவரும் மின்கோப்பிலிருந்து மீண்டும் சுருக்கக்குறி கணக்கிடப்பட்டு, பதிவோடு ஒப்பிடப்படுகிறது. இரண்டும் ஒத்திருப்பின், பதிந்த நாளுக்குப் பின் கோப்பு மாற்றப்படவில்லை என்பது விளங்கும். சான்றிதழில் எழுதியிருக்கும் செய்தி உண்மை என்பது இதனால் மெய்ப்பிக்கப்படாது; அதற்கு வழங்கிய அதிகாரியே பொறுப்பு.

இரண்டும் ஒவ்வாதபோது இன்னும் மிகுந்த நிதானம் வேண்டும். மூலக்கோப்பை அச்சிட்டு, அவ்வச்சைப் புகைப்படம் எடுத்து அனுப்பினால், கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் அது கணிப்பொறிக்கு வேறு கோப்பு; குறியும் வேறாகவே இருக்கும். உதவிப்பொறி இதனை நோக்காமல் "இச்சான்றிதழ் பதிவில் இல்லை, போலியாக இருக்கலாம்" என்று விடை எழுதக்கூடும். அதனை நம்பி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டால், குற்றமற்ற ஒரு மாணவன் உதவித்தொகையை இழப்பான். பொறியின் அச்சொல்லை விசாரணையின் தொடக்கமாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளலாகாது. மூலக்கோப்பை வருவித்து மீண்டும் பார்த்து, ஐயம் எஞ்சினால் வழங்கிய அலுவலகத்தைக் கேட்டறிவதே முறை.

வகுப்பிற்கு ஒரு சோதனை

ஆசிரியர்கள் மேல்வகுப்பு மாணவர்களுக்குச் சிறு சோதனை ஒன்றைச் செய்து காட்டலாம். பிட்காயினின் 0-ஆம் எண்ணுள்ள கட்டத்தின் தேதியையும், அக்கட்டத்தில் வெளியிடப்பட்ட நாணய அளவையும் உதவிப்பொறியிடம் கேட்கச் செய்க. 2009 ஜனவரி 3 என்றும், 50 பிட்காயின் என்றும் சரியான விடை வரக்கூடும்; இது பல நூல்களில் உள்ள செய்தி. அடுத்து, மாணவர்கள் தாமே தேர்ந்த வேறொரு கட்ட எண்ணைக் கொடுத்து, அதில் எத்தனை நடவடிக்கைகள் உள்ளன என்று முதலில் கருவியின்றியும், பின்னர் கருவியோடும் கேட்கச் செய்க. இறுதியாக, கட்டங்களைக் காட்டும் இணையப் பக்கம் ஒன்றில் அதே கட்டத்தைத் திறந்து மூன்றையும் ஒப்பிடுக. நினைவிலிருந்து சொல்வதற்கும் ஏட்டைப் பார்த்துச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்கு நேரே விளங்கும்.

முடிவுரை

கள அலுவலர்கள் கைக்கொள்ளத்தக்க விதிகள் சிலவே. எந்தத் தொடரில், எந்தக் கட்டத்தில், எந்த நடவடிக்கை எண்ணின்கீழ் விடை கிடைத்தது என்பதைப் பொறியிடம் கேட்டு எழுதிக்கொள்க. பொறி வினவு மொழியில் கேள்வி எழுதியிருந்தால் அக்கேள்வியையும் காட்டச் சொல்க. அலகையும் தசம இடத்தையும் சரிபார்க்க. முக்கியமான முடிவு எதற்கும் அந்த எண்ணைக் கொண்டு ஏட்டை நேரில் ஒருமுறை பார்க்க. பயனாளிகளின் பெயர், அடையாள எண் முதலியவற்றை அவசியமின்றிப் பொறியிடம் ஒப்படைக்காதிருக்க.

பக்க எண்ணைக் குறிப்பிட்டு விடை எழுதும் எழுத்தரின் தவற்றை எவரும் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். உதவிப்பொறியிடமும் நாம் எதிர்பார்க்க வேண்டியது அப்பக்க எண்ணையே. அது தரப்படாத விடையின் மீது கையொப்பமிடாதிருத்தல் நலம்.